மாதிரி நீராவி எஞ்சினில் சத்தமும் புகையும்: கேள்வி பதில்

கே: எஞ்சின் மெதுவாகப் போகும்போதும் 'குப் குப்' சத்தம் ஓட்டமாக ஓடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

ப: பெரிய சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் பொட்டு ஒன்று வைத்து, எஞ்சினை ஊர்ந்து போக விடுங்கள். பொட்டு ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை குப் கேட்கிறது என்று எண்ணுங்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் 4 கேட்க வேண்டும். பிஸ்டனை நீராவி இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளுவதால் சிலிண்டருக்கு 2. பிஸ்டனின் அசைவைச் சக்கரச் சுழற்சியாக மாற்றும் கைகளான கிராங்குகள் 90 பாகை விலகி நிற்பதால் நான்கும் சம இடைவெளியில் விழும்.

டிகோடர் (எஞ்சினுக்குள் மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் மின்னணுப் பலகை) மோட்டாரின் வேகத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிறது என்றால் அந்த விகிதத்தை அமைப்பில் திருத்தலாம். ஆனால் ஊர்வதற்குச் சரியாக வைத்தது வேகத்தில் நழுவிவிடும். எனக்குப் பிடித்த வழி, அச்சில் 4 குட்டிக் காந்தங்களை ஒட்டி எதிரே காந்தத்தை உணரும் ஹால் சென்சார் வைப்பது. நான்கிலும் ஒரே துருவம் வெளியே பார்க்க வேண்டும். ஒன்று திரும்பி ஒட்டியிருந்தாலும் ஒரு குப் காணாமல் போகும், எஞ்சின் நொண்டுவது போலக் கேட்கும்.

கே: புகை எண்ணெய் தீர்ந்துவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றலாமா?

ப: கூடவே கூடாது, தீப்பிடிக்கும். புகைக் கருவிக்கென்று விற்கும் எண்ணெய் மட்டும். அது காய்ந்த பிறகு சூடேற்றினால் கம்பிச்சுருள் கருகிவிடும். நிரம்ப ஊற்றினாலும் புகை வராது, சில சொட்டு போதும்.

கே: ஸ்பீக்கர் சத்தம் தகர டப்பா போல இருக்கிறதே?

ப: ஸ்பீக்கரின் பின்பக்கம் திறந்திருக்கும். முன்னலையைப் பின்னலை அழித்துவிடும். சின்னக் கூட்டில் வைத்து, கசிவில்லாமல் அடையுங்கள்.

கே: எந்த எஞ்சினாக இருந்தாலும் 4 தானே? மூன்று சிலிண்டருக்கு 6 என்று சிலர் சொல்வது தவறில்லையா?

ப: தவறில்லை. கிராங்குகள் 120 பாகை இடைவெளியில் நிற்பதால் 6. நான்கு சிலிண்டரிலும் பெரும்பாலும் 4 தான் கேட்கும், ஏனெனில் இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே நேரத்தில் நீராவியை வெளியேற்றும். பிரிட்டனின் சதர்ன் ரயில்வே 1926-ல் ஓட்டிய லார்ட் நெல்சன் வகையில் கிராங்குகளை 135 பாகையில் வைத்ததால் 8 கேட்டது.

கே: அப்படியென்றால் மாலே காம்பவுண்டில் (நீராவியை இரண்டு முறை பயன்படுத்தும், இரண்டு சக்கரத் தொகுதி கொண்ட எஞ்சின்) நான்கு சிலிண்டரும் சேர்ந்து 8 வர வேண்டுமே. நீங்கள் சொல்வது பொருந்தவில்லை.

ப: பொருந்துகிறது. காம்பவுண்டில் உயர் அழுத்த சிலிண்டரின் நீராவி புகைபோக்கிக்குப் போவதில்லை, தாழ் அழுத்த சிலிண்டருக்குப் போகிறது. அங்கிருந்துதான் வெளியே வரும். ஆகவே 4. நான்கு சிலிண்டரும் நேரடியாக வெளியேற்றும் மூட்டு எஞ்சினில்தான் (மூட்டால் இணைந்த இரண்டு சக்கரத் தொகுதி கொண்டது) இரண்டு தொகுதிகளின் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்து, பிறகு விலகி, மறுபடி சேர்ந்து கேட்கும். அதற்கு இரண்டு சென்சார் வையுங்கள். எண்ணிக்கையைப் பெட்டியில் போட்ட விளக்கத்திலிருந்து எடுக்காமல், நீராவி எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்த்து எடுங்கள்.

கே: சமையல் எண்ணெய்?

ப: கூடாது. மேலே சொன்னதைப் படியுங்கள்.

கே: புகை ஒரே சீராக வருகிறது. குப்புக்கு ஒரு புகை விட முடியுமா?

ப: முடியும். காற்றாடி உள்ள புகைக் கருவி வேண்டும். ஒவ்வொரு குப்புக்கும் காற்றாடியைச் சட்டென்று சுழற்றி உடனே நிறுத்த வேண்டும். நிறுத்தத் தவறினால் புகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். சூடாக்கிக்குப் போகும் மின்சாரத்தை டிகோடரின் வெளியீடு தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

கே: பொட்டு வைத்து எண்ணினேன், 5 வருகிறது.

ப: விகிதம் கூடுதலாக இருக்கிறது. ஒவ்வொரு படியாகக் குறைத்து, பத்துச் சுற்றுக்கு 40 வரும்வரை எண்ணுங்கள்.