“பவர் கூடிய மருந்து” எது? அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் அப்பாவுக்காக ஒரு மகளின் கேள்வி

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. தம்பலகாமத்தில் வயல் செய்கிறவர். பத்து வருடமாக நீரிழிவு இருக்கிறது. மழை நாட்களில் காய்ச்சலும் இருமலும் பிடித்து, நியூமோனியா என்று திருகோணமலையில் அனுமதித்தோம். இன்றோடு 11 நாட்களாக அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். சளிப் பரிசோதனையில் அசினெற்றோபக்டர் என்ற கிருமி வந்திருக்கிறது, மெரோபெனெம் என்ற அன்டிபயோட்டிக் அதற்கு வேலை செய்யாது என்று கொலிஸ்டின் என்ற இன்னொன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். பவர் கூடியதை முதல் நாளே கொடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காதே? கனடாவில் இருக்கும் அண்ணன், செப்டசிடைம்-அவிபக்டம் என்ற புதிய மருந்தை எப்படியாவது அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. நான் போய்வருவதால் அவனுக்கு ஏதும் ஆகுமா?

பதில்: சகோதரி, முதலில் அண்ணனுக்கு அழைத்துச் சொல்லுங்கள், அந்த மருந்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்று. அது நல்ல மருந்துதான். கிளெப்சியெல்லா போன்ற சில பக்டீரியாக்கள் செப்டசிடைமை உடைக்கச் சுரக்கும் நொதிகளை அவிபக்டம் தடுத்துவிடும். அதனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் அசினெற்றோபக்டர் சுரக்கும் நொதிகள் வேறு. அவற்றின் முன்னால் அந்த மருந்து செயலற்றுப்போகும். தெற்காசியாவில் பரவலாகக் காணப்படும் என்.டி.எம். என்ற நொதியையும் அவிபக்டத்தால் தடுக்க முடியாது. புதியது, விலை கூடியது என்பதற்காக உங்கள் அப்பாவின் நுரையீரலில் இருக்கும் கிருமிக்கு அது பொருந்திவிடாது.

“பவர்” என்ற சொல்லை வார்டு வாசலில் நான் கேட்காத நாள் இல்லை. மருந்துகள் ஏணிப்படி போல ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன, வைத்தியர் மேல்படியை ஒளித்துவைத்துக்கொண்டு கீழ்ப்படியைத் தருகிறார் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. உண்மையில் ஒவ்வொரு அன்டிபயோட்டிக்கும் குறிப்பிட்ட சில கிருமிகளைத்தான் கொல்லும். கொலிஸ்டினையே பாருங்கள். “கடைசி மருந்து” என்று பெயரெடுத்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் நியூமோனியாவுக்கு மிகப் பொதுவான காரணமான நியூமோகொக்கஸ் மீது அதற்கு எந்த வேலையும் இல்லை. முதல் நாளே அதை மட்டும் கொடுத்திருந்தால் அப்பாவின் சிறுநீரகம் அடிபட்டிருக்கலாம். நியூமோகொக்கஸ் அப்படியே இருந்திருக்கும்.

அசினெற்றோபக்டர் பெரும்பாலும் முதல் நாள் அப்பாவின் உடலில் இருந்திருக்காது. தொண்டைக் குழாய் போட்ட பிறகு, மற்ற மருந்துகள் சாதாரணக் கிருமிகளை அழித்து வெறுமையாக்கிய இடத்தில் வந்து குடியேறும் கிருமி அது. உலர்ந்த கட்டில் சட்டத்தில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட பட்டியலில், மெரோபெனெம் வகைக்குப் பணியாத அசினெற்றோபக்டரை மிக ஆபத்தான கிருமிகளின் வரிசையில் வைத்திருக்கிறது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை: இது உயிருக்கு ஆபத்தான தொற்று. சரியான மருந்து கொடுத்தும் நாம் இழப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் இது தொற்றுத்தானா என்பதையும் கேட்க வேண்டும். நாளைக் காலை வைத்திய நிபுணரிடம் நீங்கள் கேட்கக்கூடிய மிகப் பயனுள்ள கேள்வி இதுதான்: “இந்தக் கிருமி அப்பாவுக்கு நோயைத் தருகிறதா, குழாயில் வெறுமனே தங்கியிருக்கிறதா?” பல நாட்கள் குழாயோடு இருப்பவரின் சளியை எடுத்துப் பார்த்தால் ஏதாவது ஒரு கிருமி வளரத்தான் செய்யும். புதிய காய்ச்சல், கூடும் ஒட்சிசன் தேவை, நிறம் மாறி அதிகரிக்கும் சளி, எக்ஸ்ரேயில் புதிய நிழல் ஆகியவை சேர்ந்து வந்தால்தான் அதை நியூமோனியா என்று எடுத்துக்கொள்வோம். இரத்தத்தில் அதே கிருமி வளர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. வெறுமனே தங்கியிருக்கும் கிருமிக்குக் கொலிஸ்டின் ஏற்றினால் நன்மை ஏதும் வராது, தீங்கு மட்டும் வரும்.

கொலிஸ்டின் 1950களில் பாவனைக்கு வந்த மருந்து. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் கைவிட்டார்கள். வேறு வழியில்லாத கிருமிகள் பெருகியபின் திரும்ப எடுத்தோம். அந்தப் பழைய குறை போய்விடவில்லை. ஆகவே தினமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் காட்டும் கிரியற்றினின் அளவையும் சிறுநீரின் அளவையும் பார்ப்பார்கள். நீரிழிவுள்ள ஒருவரில் இன்னும் கவனமாகப் பார்ப்பார்கள். முதல் ஊசியை மட்டும் பெரிய அளவில் போடுவது வழக்கம், ஏனென்றால் உடலுக்குள் போனபின்தான் அது செயல்படும் வடிவத்துக்கு மெதுவாக மாறுகிறது. தாதி “இன்று டோஸ் குறைந்திருக்கிறது” என்று சொன்னால் பயப்படாதீர்கள். கிருமிப் பரிசோதனை அறிக்கையில் கொலிஸ்டினுக்கு எதிரே ‘ஐ’ (இடைநிலை) என்ற எழுத்தைக் கண்டு “அரைகுறையாகத்தான் கேட்குமாம்” என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். 2020 முதல் அமெரிக்கத் தர நிர்ணய முறையில் கொலிஸ்டினுக்கு ‘எஸ்’ (மருந்துக்குப் பணியும்) என்ற வகையே கிடையாது. ‘ஐ’ அல்லது ‘ஆர்’ (மருந்துக்குப் பணியாது) மட்டும்தான். அந்த முறைப்படி எழுதும் அறிக்கையில் ‘ஐ’ தான் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு.

கொலிஸ்டினையும் கனடாவிலிருந்து வரவழைக்காதீர்கள். அங்கே குப்பியில் அளவு மில்லிகிராமில் இருக்கும். நம் பக்கம் பெரும்பாலும் மில்லியன் அலகில் எழுதுவோம். இரவுக் கடமையில் ஒருவர் கணக்கை மாற்றிப் போட்டுவிட்டால் விளைவு பாரதூரமாகும்.

“இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன” என்று அண்ணன் கேட்கக்கூடும். கொலிஸ்டினோடு மெரோபெனெமும் சேர்த்தால் உயிர் பிழைப்போர் கூடுகிறார்களா என்று இஸ்ரேல், கிரேக்கம், இத்தாலி நாடுகளில் 406 நோயாளிகளிடம் பார்த்தார்கள். பெரும்பாலானோருக்கு இருந்தது அசினெற்றோபக்டர்தான். 2018இல் வெளியான முடிவு, கூடவில்லை என்பதே. நான் வைத்தியரிடம் பேச வேண்டியிருந்தால் சல்பக்டத்தைப் பற்றிக் கேட்பேன். அம்பிசிலினோடு சேர்ந்து வரும் பழைய மருந்து அது. அசினெற்றோபக்டரைத் தானே தாக்கும் இயல்பு அதற்கு உண்டு. உயர்ந்த அளவில் மற்றொன்றோடு சேர்த்துக் கொடுப்பதைப் பல நிபுணர்கள் விரும்புகிறார்கள். அமெரிக்காவில் 2023இல் அனுமதி பெற்ற புதிய மருந்தான சல்பக்டம்-டுர்லொபக்டமும் இந்தப் பழைய சல்பக்டத்தின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. இது உத்தரவு அல்ல, கேள்விதான். அப்பாவின் அறிக்கையைக் கையில் வைத்திருக்கும் நுண்ணுயிரியல் நிபுணர் என்னைவிட நன்றாக முடிவெடுப்பார்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரிக்கு வருகிறேன். வயல் செய்கிறவர், நீரிழிவு, மழை நாட்கள். மெலியொய்டோசிஸ் என்றொரு நோய் இருக்கிறது. சேற்று மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்க்கோல்டேரியா என்ற பக்டீரியாவால் வருவது. காலில் உள்ள சிறு காயம் வழியாகவோ மூச்சு வழியாகவோ புகும். நீரிழிவுள்ளவர்களைத்தான் அதிகம் பிடிக்கும், நியூமோனியாவாக வரும், இலங்கை மண்ணில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் சில வேளை சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமி என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ தவறாக எண்ணப்படுவதும் உண்டு. இந்தக் கிருமிக்குக் கொலிஸ்டின் இயல்பாகவே வேலை செய்யாது. செப்டசிடைம் அல்லது மெரோபெனெம் தான் மருந்து. குறைந்தது இரண்டு வாரம் ஊசி, அதன்பின் மூன்று மாதம் கோ-டிரைமொக்சசோல் மாத்திரை. அப்பாவுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. வைத்தியர்கள் ஏற்கெனவே இதைப் பார்த்து ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவசரமாக அனுமதித்த இரவில் “தொழில் என்ன” என்ற கேள்விக்கு யாரோ ஒருவர் “சும்மா வீட்டில் இருக்கிறார்” என்று பதில் சொல்லியிருக்கவும் கூடும். காய்ச்சல் வருவதற்கு முந்திய வாரங்களில் வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாரா, காலில் புண் இருந்ததா என்பதைப் போய்ச் சொல்லுங்கள். முதல் நாள் எடுத்த இரத்த வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு என்ன என்றும் கேளுங்கள். கனடாவிலிருந்து வரும் எந்தப் பெட்டியையும்விட இந்தத் தகவல் மதிப்புக் கூடியது.

அதோடு, அனுமதிப்பதற்கு முந்திய மூன்று மாதங்களில் அப்பா எடுத்த அன்டிபயோட்டிக் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பாமசியில் துண்டில்லாமல் வாங்கிய மூன்று நாள் மாத்திரையும் அதில் இருக்கட்டும். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். எந்த மருந்துக்குக் கிருமி பழகியிருக்கும் என்று கணிக்க அது உதவும்.

சிகிச்சை நீள வேண்டும் என்றும் வற்புறுத்தாதீர்கள். குழாயால் வரும் நியூமோனியாவுக்கு, உடல் நன்றாகத் தேறினால், ஏழு நாள் பெரும்பாலும் போதும். வைத்தியர் ஏழாம் நாள் நிறுத்தினால், கைவிட்டுவிட்டார் என்று எண்ண வேண்டாம். பழைய ஊசிக்குழாயை மாற்றுவது, தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பது, சீனியின் அளவைக் கட்டுக்குள் வைப்பது, மயக்க மருந்தைத் தினமும் குறைத்துப் பார்த்துக் குழாயைச் சீக்கிரம் எடுப்பது ஆகியவையும் சிகிச்சைதான்.

அப்பாவைப் போய்ப் பாருங்கள். நல்ல உடல்நலமுள்ளவர்களுக்கு இந்தக் கிருமி நோய் தருவது அரிது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாசலில் உள்ள கிருமிநீக்கித் திரவத்தை விரல் இடுக்குகள் நனையும்படி அரை நிமிடம் தேய்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் கையைப் பிடிக்கலாம், பேசலாம். கைத்தொலைபேசியைக் கட்டிலில் வைக்காதீர்கள், பக்கத்துக் கட்டில் நோயாளியைத் தொடாதீர்கள். குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் வீட்டுக்கு வந்து, உடை மாற்றி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவியபின் அவனைத் தாராளமாகத் தூக்கிக்கொள்ளலாம்.