பிரிட்ஜ் கோர்ஸுக்கு மாணவர் ஒருங்கிணைப்பாளராகப் போகலாமா? சம்பளம் உண்டா?

கேள்வி: பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. முதலாண்டு முடித்திருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஜூனில் நடக்கும் பிரிட்ஜ் கோர்ஸுக்கு ஒருங்கிணைப்பாளராக வர விருப்பமுள்ள சீனியர்கள் பெயர் கொடுக்கலாம் என்கிறார்கள். கலிபோர்னியாவில் படிக்கும் என் மாமா மகன், அங்கே இதற்குச் சம்பளமே உண்டு என்கிறான். இங்கே என்ன கிடைக்கும்? லீவைக் கெடுத்துக்கொண்டு போவதில் பிரயோஜனம் உண்டா?

பதில்: போங்கள். ஆனால் மைக் பிடிக்கிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வருகைப் பதிவு எடுக்கிற வேலையைக் கேட்டு வாங்குங்கள். 2023, 2024 இரண்டு வருடமும் நான் இதைச் செய்தேன். முதல் வருடம் கையில் மைக், அடுத்த வருடம் நோட்டு.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மாமா மகன் சொல்வது சரிதான். அமெரிக்கக் கல்லூரிகளில் வகுப்பு தொடங்குவதற்கு முன் சில வாரம் 'சம்மர் பிரிட்ஜ்' நடக்கும். பெரும்பாலும் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கும் வசதி குறைந்தவர்களுக்கும் அது. பல இடங்களில் புதியவர்கள் விடுதியிலேயே தங்குவார்கள். கூடத் தங்கிப் பார்த்துக்கொள்ளும் சீனியருக்கு இடம், சாப்பாடு போக ஒரு தொகையும் கொடுப்பார்கள். விண்ணப்பம், நேர்காணல் எல்லாம் சில மாதம் முன்பே முடிந்துவிடும். இங்கே அப்படி எதிர்பார்க்காதீர்கள். மதியச் சாப்பாடு, ஒரு சான்றிதழ், உங்கள் வகுப்பும் தொடங்கிவிட்டால் ஓ.டி. (வகுப்புக்குப் போகாவிட்டாலும் வருகை போட்டுவிடுவது), அவ்வளவுதான். காசு தருவதாகச் சொன்னாலும் நம்பி உட்காராதீர்கள். எனக்கு இரண்டு வாரத்துக்கு 1500 ரூபாய் என்று சொன்னார்கள். ஜூலையில் வரவேண்டியது தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது. எங்கள் அம்மா முக்கூடலில் பீடி சுற்றுகிறவர். "ஏட்டி, பீடிக் கடைக்காரனே வாராவாரம் கணக்கு தீத்துருதான், ஒங்க காலேசு அதைவிட மோசமால்லா இருக்கு" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

இந்தக் கோர்ஸே எதற்கு என்றால், புதிய மாணவர்களுக்கு அறிமுகப் பயிற்சி நடத்தச் சொல்லி யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்று ஒரு வழிகாட்டி கொடுத்தது. பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அதற்கு முன்பே, 2017-இல், மூன்று வாரப் பயிற்சி கொண்டுவந்துவிட்டது. சிறு குழுக்களாகப் பிரிப்பது, குழுவுக்கு ஒரு ஆசிரியர், உதவிக்குச் சீனியர்கள் என்பது ஏற்பாடு. காகிதத்தில் இருப்பது இது. நடப்பில் பாதி நாள் சிறப்பு விருந்தினர் உரை, அவருக்குப் பொன்னாடை.

முதல் வருடம் எனக்கு மைக் கொடுத்தார்கள். ஆடிட்டோரியத்தில் ஒவ்வொருவரையும் மேடைக்குக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்தச் சொல்ல வேண்டும். பயத்தைப் போக்குவதற்காம். ஒரு பெண் வந்தாள். பெயரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள், அதற்குமேல் வாய் எழவில்லை. கீழே சிரித்தார்கள். நானும் மைக்கில் ஏதோ ஜோக் அடித்தேன். கைதட்டல் கிடைத்தது. மறுநாளிலிருந்து அவள் வரவில்லை என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும், அதுவும் நோட்டு வைத்திருந்த பையன் பேச்சுவாக்கில் சொல்லி. வேறு கல்லூரியில் சீட் கிடைத்துப் போயிருக்கலாம், வீட்டில் ஏதாவது ஆகியிருக்கலாம். காரணம் எதுவாகவும் இருக்கட்டும். எங்களில் ஒருத்தர்கூட போன் போட்டுக் கேட்கவில்லை.

அதனால் அடுத்த வருடம் நோட்டை நான் கேட்டு வாங்கினேன். சீட் கிடைத்துப் பணமும் கட்டியபின் கல்லூரி வாசலையே மிதிக்காமல் போய்விடுகிறவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. 'சம்மர் மெல்ட்' என்று அதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். வெயிலில் ஐஸ் கரைகிற மாதிரி ஆள் கரைந்துபோவது. நம்மூரில் பெயர் இல்லை, கரைவது மட்டும் நடக்கிறது.

வராதவர்களில் பல ரகம். பொறியியல் கலந்தாய்வுக்கோ நர்சிங்குக்கோ காத்திருந்து, கிடைத்ததும் டி.சி. கேட்டு வருகிறவர்கள். இவர்களை விட்டுவிடலாம். அப்புறம் ஆனித் தேர். நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் பெரும்பாலும் பிரிட்ஜ் கோர்ஸ் சமயத்தில்தான் வரும். அன்று உள்ளூர் விடுமுறை. 2024-இல் வடம் அறுந்து அறுந்து தேர் நகர்ந்ததே, அந்த வருடம் கோர்ஸ் தொடங்கிய வாரத்திலேயே தேர். மறுநாளும் பாதிப்பேர் இல்லை. அன்றைக்குப் போய் எல்லாருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவர்கள் குற்றாலத்தில் இருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது, இரண்டு நாள் ஒழுங்காக வந்து மூன்றாம் நாள் நின்றுபோகிறவர்களை. அப்படி ஒரு பெண்ணுக்கு அன்று மாலையே போன் செய்தேன். அப்பா எடுத்தார். "யாரு பேசுதது?" "காலேஜ்லேருந்து பேசுறேன்யா." "பீஸுதான் கட்டியாச்சுல்லா?" கல்லூரியிலிருந்து போன் வந்தால் அது பணத்துக்குத்தான் என்று அவருக்கு முடிவாகத் தெரிந்திருக்கிறது. ஐந்து நிமிடம் போராடி அவளிடம் பேசினால் விஷயம் இவ்வளவுதான். அவள் ஊருக்குக் காலையில் ஒரே ஒரு டவுன் பஸ். கல்லூரிக்கு வந்துசேர 9.50 ஆகிவிடும். 9.30-க்கு வகுப்பு. இரண்டாம் நாள் லேட் என்று வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் வண்ணார்பேட்டை வரை வந்துவிட்டு, மணியைப் பார்த்து, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டாள். துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அந்த வழித்தடத்துப் பிள்ளைகளுக்கு இருபது நிமிடம் சலுகை கொடுத்தார். அதே பஸ்ஸில் இன்னும் மூன்று பேர் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்களும் நிற்கிற யோசனையில்தான் இருந்தார்கள்.

பாடத்தில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உதவும். தமிழ்வழியில் படித்து வருகிறவர்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, பெயர்தான் தெரியாது. அணி என்றால் மேட்ரிக்ஸ், அணிக்கோவை என்றால் டிட்டர்மினன்ட், வகையிடல் டிஃபரன்ஷியேஷன், தொகையிடல் இன்டக்ரேஷன். ஒரு சார்ட் அட்டையில் எழுதி வகுப்பில் ஒட்டினோம். விருந்தினர் உரைகள் எல்லாவற்றையும்விட அந்த அட்டைதான் அதிகம் பயன்பட்டது என்பது என் கணிப்பு. அப்படியே இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75 என்கிற கணக்கையும், வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் காண்டொனேஷன் (வருகைக் குறைவுக்கான கட்டணம்) கட்ட வேண்டிவரும் என்பதையும், அரியர் என்றால் உலகம் முடிந்துவிடாது என்பதையும் தமிழிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவித்தொகை விஷயத்தில் மட்டும் வாயை அளந்து திறக்க வேண்டும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய். 2024 ஜூனில், அரசு உதவிபெறும் பள்ளியில் படித்து வந்த ஒரு பெண்ணிடம் "ஒனக்கும் வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். அப்போது அவர்களுக்குக் கிடையாது. வீட்டில் போய் மாதம் ஆயிரம் வரும் என்று சொல்லிவிட்டாள். அப்புறம் நான் பட்ட பாடு! உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் திட்டத்தை அந்த வருடக் கடைசியில் தூத்துக்குடியில் வைத்து விரிவாக்கினார்கள். அவளுக்குப் பிறகு கிடைத்தது. ஆனால் நான் சொன்னபோது சொன்னது பொய்தானே? அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. வீட்டில் பீடி கார்டு (பீடித் தொழிலாளர் அடையாள அட்டை) இருக்கிறதா என்று கேளுங்கள். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகள் வகுப்புக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

'கேளுங்கள்' என்றதும் இன்னொன்று. நம்ம பக்கத்தில் "எந்த ஊர்?" என்பது சாதாரணக் கேள்வி. "ஊர்ல எந்தப் பக்கம்?" என்பது சாதாரணக் கேள்வி இல்லை. அது எதற்குக் கேட்கப்படுகிறது என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதி அடையாளமாகக் கையில் வண்ணக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதே மாதம் எங்கள் கோர்ஸ். குழுக்களைப் பெயரின் அகரவரிசையில்தான் பிரித்தோம். இரண்டே நாளில் சாப்பாட்டு நேரத்து வட்டங்கள் தானாக வேறு வரிசைக்கு மாறிவிட்டன. கயிறும் பள்ளியோடு நின்றுவிடவில்லை. நான் செய்தது ஒன்றுதான்: ஒவ்வொரு நாளும் வேறு வேறு வட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதனால் எதுவும் மாறியதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கயிறு சம்பந்தமாக ஒரு வாய்த்தகராறு கிளம்பியபோது எனக்கு அன்றே தெரிந்தது, அன்றே ஆசிரியரிடம் சொல்ல முடிந்தது. நீங்களே பஞ்சாயத்து பண்ண உட்காராதீர்கள்.

போன் நம்பர் பட்டியல் உங்கள் கைக்கு வரும். அதை யாருக்கும், உங்கள் உயிர்த்தோழருக்கும் கொடுக்கக்கூடாது. வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பதிவு போடும்படி வைத்தாலும் நம்பர் எல்லாருக்கும் தெரியத்தான் செய்யும், அதனால் பெண்களுக்குத் தனிக் குழு நல்லது. ராகிங்குக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் 'சீனியர்' என்று சொன்னாலே பெற்றோருக்கு அடிவயிறு கலங்கும். நீங்கள் பையனாக இருந்தால், வராத பெண் பிள்ளைகளின் வீட்டுக்கு உங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணைப் பேசச் சொல்லுங்கள். ராத்திரி ஏழு மணிக்குமேல் யாருக்கும் போன் வேண்டாம்.

லீவு கெடுகிறதே என்று கேட்டீர்கள். இரண்டு வாரம்தான். குற்றாலத்தில் சாரல் ஆகஸ்ட் வரை இருக்கும், கோர்ஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். அந்த ஒற்றை பஸ் பிள்ளைகள் நாலு பேரும் வந்திருந்தார்கள், எங்களுக்கு முன்னாடியே.