முதல் பருவம் ஓர் ஊரில், பட்டம் வேறோர் ஊரில்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் பிளஸ் டூ முடிக்கும் மாணவர்களுக்கு வெளிநாட்டுக் கல்லூரிச் சேர்க்கையில் வழிகாட்டி வருகிறேன். இடம் கொடுத்த கையோடு, "முதல் பருவத்தையோ முதல் ஆண்டையோ வேறொரு நாட்டில் படித்துவிட்டு, அதன் பிறகு முதன்மை வளாகத்துக்கு வாருங்கள்" என்று பல்கலைக்கழகம் எழுதும் கடிதங்கள் இப்போது நம் ஊர் வீடுகளுக்கும் வருகின்றன. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

சரவணம்பட்டியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துள்ளது. ஆனால் முதல் பருவத்தை ஐரோப்பாவில் படிக்க வேண்டுமாம். இது இரண்டாந்தர இடமா? உறவினர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இல்லை அம்மா. நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் "என்.யு.இன்" என்னும் திட்டத்தில் சேரும் மாணவர்கள் முதல் பருவத்தை வேறு நாட்டில் முடித்து ஜனவரியில் பாஸ்டன் வருகிறார்கள். அதே பல்கலைக்கழகம் முதல் ஆண்டை லண்டனிலும் கலிபோர்னியாவின் ஓக்லண்டிலுமாகப் படிக்கவைக்கும் திட்டம் ஒன்றையும் வைத்திருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லிபரல் ஸ்டடீஸ் பிரிவில் முதல் ஆண்டைப் புளோரன்ஸ், லண்டன், பாரிஸ், மாட்ரிட் போன்ற நகரங்களில் தொடங்கும் வழி உண்டு. இவற்றில் சேருபவர் முதல் நாளிலிருந்தே அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்தான். கடைசியில் வாங்கும் பட்டத்திலும் வேறுபாடு இருக்காது. செப்டம்பரில் வகுப்பறையும் விடுதியும் நிரம்பி வழிவதும், ஜனவரியில் மூத்த மாணவர்கள் வெளிநாட்டுப் பருவத்துக்குப் போவதால் இடம் காலியாவதும் இத்தகைய ஏற்பாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் கடிதத்தில் ஒரு வாக்கியத்தைத் தேடிப் பாருங்கள். முதன்மை வளாகத்துக்கு மாறுவது உறுதி என்று எழுதியிருக்கிறதா, அல்லது "குறிப்பிட்ட மதிப்பெண் பெற்றால்" என்று நிபந்தனை போட்டிருக்கிறதா? மகள் விரும்பும் துறையும் அப்போதே முடிவாகிவிட்டதா? வண்ணப் புத்தகத்தில் இருப்பது விளம்பரம். சேர்க்கைக் கடிதத்தில் இருப்பது மட்டுமே உங்கள் கையிலுள்ள உறுதி.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மாணவர்: நான் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தேன். எனக்கு இங்கிலாந்தில் "அடிப்படை ஆண்டு" கொடுத்திருக்கிறார்கள். இதுவும் மேலே சொன்னதும் ஒன்றுதானா?

ஒன்றல்ல, தம்பி. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அடிப்படை ஆண்டு என்பது பட்டப்படிப்புக்கு முந்தைய ஓர் ஆண்டு. மூன்றாண்டுப் படிப்பு அதனால் நான்காண்டாகும், செலவும் ஓர் ஆண்டுக்குக் கூடும். அதைப் பல இடங்களில் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனி நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆண்டு முடிவில் குறித்த மதிப்பெண்ணும் ஆங்கிலத் தேர்ச்சியும் இருந்தால்தான் பட்டப்படிப்பில் காலெடுத்து வைக்க முடியும். மேலே சொன்ன திட்டங்களில் முதல் பருவத்துப் பாடங்கள் பட்டத்தின் கணக்கிலேயே சேருகின்றன. உங்கள் ஆண்டு அப்படிச் சேராது. உங்கள் மதிப்பெண்ணுக்கு நேரடியாக முதல் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்ளும் வேறு பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தை ஏற்கும் பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு. எதிர்பார்க்கும் சதவிகிதம்தான் இடத்துக்கு இடம் மாறும். முகவர் ஒருவர் அடிப்படை ஆண்டை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னால் வேறோர் இடத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை: மகன் செப்டம்பரில் ரோம், ஜனவரியில் பாஸ்டன் என்று போகவேண்டும். இரண்டு விசாவையும் எப்போது, எங்கே எடுப்பது?

ஐயா, பாஸ்போர்ட் ஒன்று, விசா இரண்டு. அந்தப் பாஸ்போர்ட் ஒரே கோடையில் இரண்டு தூதரகங்களுக்குப் போய்வர வேண்டியிருப்பதால், நாட்களைத் திட்டமிடுவது எல்லாவற்றையும் விட முக்கியம்.

அமெரிக்காவின் மாணவர் விசாவான எஃப்-1 விசாவைப் படிப்பு தொடங்கும் நாளுக்கு 365 நாட்கள் முன்பிருந்தே வாங்கலாம். ஆனால் தொடக்க நாளுக்கு 30 நாட்களுக்கு முன்னதாக நாட்டுக்குள் நுழைய முடியாது. எனவே பல்கலைக்கழகம் ஜனவரிக்கான ஐ-20 படிவத்தை (விசாவுக்குத் தேவையான, பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைச் சான்று) ஜூன் மாதத்துக்குள் அனுப்புமா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். அனுப்பினால் 350 டாலர் செவிஸ் கட்டணத்தை (வெளிநாட்டு மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம்) செலுத்தி, சென்னைத் துணைத் தூதரகத்தில் நேர்காணலை முடித்துவிட்டு, அதன் பிறகு இத்தாலியின் நீண்டகால டி வகை விசாவுக்குப் பாஸ்போர்ட்டைக் கொடுக்கலாம். நேர்காணல் தேதி தள்ளிப்போனால் இத்தாலிய விசாவை முதலில் முடியுங்கள், செப்டம்பர் காத்திருக்காது. ஐ-20 தாமதமாகத்தான் வரும் என்றால், டிசம்பரில் மகன் சென்னைக்கு வந்து விசா எடுத்துக்கொண்டு பாஸ்டன் போகும்படி பயணச் செலவை ஒதுக்கி வையுங்கள். சொந்த நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று அமெரிக்கா 2025 செப்டம்பரில் அறிவித்துவிட்டதால், வழியில் ஏதோ ஒரு நாட்டில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி இருக்காதீர்கள். மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2025இல் வந்திருக்கிறது. அதை மகனிடம் சொல்லிவையுங்கள்.

இத்தாலியில் இறங்கிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. எட்டு வேலை நாட்களுக்குள் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தபால் நிலையத்தில் மஞ்சள் பட்டை போட்ட உறை ஒன்றைத் தருவார்கள். அதற்குள் இருக்கும் படிவங்களை நிரப்பி, 16 யூரோ வருவாய் முத்திரை ஒட்டி, பாஸ்போர்ட் நகல், சேர்க்கைக் கடிதம், காப்பீட்டுச் சான்று ஆகியவற்றோடு உறையை ஒட்டாமல் சாளரத்தில் கொடுக்க வேண்டும். அங்கே தரும் ரசீதில் காவல் துறை அலுவலகத்தில் கைரேகை வைக்கவேண்டிய நாள் குறிக்கப்பட்டிருக்கும். அட்டை கைக்கு வருவதற்குள் பருவமே முடிந்துவிடலாம் என்பதால் அந்த ரசீதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

லண்டன் என்றால் நடைமுறை வேறு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு வருகையாளர் விசாவே போதும். அதில் வேலை செய்யக் கூடாது. ஓராண்டு என்றால் மாணவர் விசா, காசநோய்ப் பரிசோதனைச் சான்று, ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கட்டணம், 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருந்த பணம் ஆகிய அனைத்தும் வேண்டும்.

பீளமேட்டிலிருந்து ஒரு மாணவி: ஐரோப்பாவில் படிக்கும் பருவம், அமெரிக்காவில் பயிற்சி வேலைக்கான கணக்கில் சேருமா?

சேராது, கண்ணு. இதைக் கேட்டவர் நீ ஒருத்திதான். எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எஃப்-1 மாணவர் சிபிடி (படிக்கும்போதே படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை), ஓபிடி (படித்த துறையில் செய்யும் பயிற்சி வேலை) என்னும் பணி அனுமதிகளைப் பெற, பொதுவாக ஒரு முழுக் கல்வியாண்டு முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் படித்த பருவத்தையும் அதில் சேர்க்கலாம் என்று விதி சொல்கிறது. ஆனால் அதற்கு முன்பே அமெரிக்காவில் ஒரு முழுப் பருவம் படித்திருந்தால் மட்டுமே. நீயோ அமெரிக்காவில் கால் வைக்கும் முன்பே ஐரோப்பாவில் படிக்கிறாய். ஆகவே உன் கணக்கு ஜனவரியில்தான் தொடங்கும், அந்த ஆண்டு டிசம்பரில்தான் நிறையும். முதல் கோடையில் சம்பளத்தோடு பயிற்சி வேலை பார்க்கலாம் என்று வீட்டில் யாராவது கணக்குப் போட்டிருந்தால் அந்தத் தொகையை அடித்துவிடச் சொல். பட்டம் முடித்த பிறகு கிடைக்கும் 12 மாத ஓபிடியும், அறிவியல், பொறியியல் துறைகளுக்கான 24 மாத நீட்டிப்பும் இதனால் குறையாது.

காங்கேயத்திலிருந்து ஒரு தந்தை: எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அதை அடமானம் வைத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன்.

தோப்பின் மதிப்பு கோடியில் இருந்தாலும் பெரும்பாலான வங்கிகள் அதை ஏற்பதில்லை, ஐயா. கடன் திரும்பி வராதபோது வங்கி நீதிமன்றம் போகாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்பேசி சட்டம், அதன் 31ஆவது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்களிக்கிறது. உங்களைப் போன்றவர்களைக் காப்பதற்காக வைத்த விலக்குதான் அது; கல்விக் கடன் கேட்கும்போது மட்டும் அதுவே குறுக்கே நிற்கிறது. ஆகவே வீடு, அங்கீகரிக்கப்பட்ட வீட்டுமனை, வங்கி வைப்புத்தொகை இவற்றில் எது இருக்கிறது என்று பாருங்கள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட வரைபட அனுமதி ஆகியவற்றை ஏப்ரலிலேயே எடுத்து வையுங்கள். நம் கிராமத்து வீடுகளுக்கு வரைபட அனுமதி இல்லாமல்தான் பாதி விண்ணப்பங்கள் நின்றுபோகின்றன. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி நான்கு லட்சம் வரை பிணை தேவையில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் சொத்துப் பிணை கேட்பார்கள்.

இந்தப் படிப்புமுறைக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. கடன் ஒப்புதல் கடிதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் இருந்து, முதல் பருவக் கட்டணச் சீட்டு வேறொரு நிறுவனத்தின் பெயரில் வந்தால், வங்கி பணத்தை நிறுத்தி வைக்கும். கட்டணம் யார் பெயரில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தேவையானால் இரு பெயர்களையும் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கைப்பணத்தில் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்டுக் கட்டணமும் ஜனவரிக் கட்டணமும் ஒரே நிதியாண்டில் விழுகின்றன. 2025 ஏப்ரல் முதல் ஒருவர் ஒரு நிதியாண்டில் அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் டிசிஎஸ் என்னும் வரியை, பணம் அனுப்பும்போதே வங்கியில் பிடிப்பார்கள். தாயும் தந்தையும் தங்கள் சொந்தக் கணக்குகளிலிருந்து தனித்தனியாக அனுப்பினால் வரம்பும் தனித்தனியாகவே கணக்கிடப்படும். பிடித்த வரியை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம். வங்கிக் கல்விக் கடனாகப் போகும் தொகைக்கு இந்த வரி இல்லை.

நாமக்கல்லிலிருந்து ஒரு தந்தை: மருத்துவப் படிப்பையும் இப்படி ஒரு நாட்டில் தொடங்கி இன்னொரு நாட்டில் முடிக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பவர் குறைந்தது 54 மாதப் படிப்பையும் அதன் பின் 12 மாதப் பயிற்சியையும் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை இந்தியாவிலோ மூன்றாவது நாட்டிலோ படித்திருந்தால் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: மலேசியாவில் தொடங்கி ஆஸ்திரேலியாவுக்கு மாறினால் செலவு குறையும் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். மொனாஷ் போன்ற ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்கு மலேசியாவில் வளாகம் உண்டு. அங்கே கல்விக் கட்டணமும் குறைவு, வாழ்க்கைச் செலவும் குறைவு. ஆனால் படித்து முடித்தபின் ஆஸ்திரேலியாவில் வேலை பார்க்கும் 485 விசா வேண்டுமென்றால், குறைந்தது இரண்டு கல்வியாண்டுப் படிப்பை, 16 மாதங்களுக்குக் குறையாமல் அந்த நாட்டில் இருந்தே முடித்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் முதல் ஆண்டை மலேசியாவில் படித்தால் பிழைத்தீர்கள். இரண்டு ஆண்டுகளை அங்கே கழித்தால் அந்த வழி அடைபடும். மிச்சமாகும் பணத்தையும் அடைபடும் வழியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு தாய்: மகளுக்கு நவம்பரில்தான் 18 வயது நிறைகிறது. செப்டம்பரில் தனியாக அனுப்பலாமா?

அனுப்பலாம் அம்மா, ஆனால் காகித வேலை கூடும். இங்கிலாந்து மாணவர் விசாவுக்கு 18 வயது நிறையாதவர் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதத்தை இணைக்க வேண்டும். மற்ற நாடுகளிலும் விடுதி, மருத்துவச் சிகிச்சை, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் தடை வரலாம். பல்கலைக்கழகம் அந்த ஊரில் பொறுப்பாளரை நியமித்திருக்கிறதா, இரவு நேரத்தில் யாரை அழைப்பது என்று கேளுங்கள். சட்டத்தைத் தாண்டி என் கவலை வேறு. முதல் ஊரில் நண்பர்களைத் தேடிக்கொள்ளும் நேரத்தில் பருவம் முடிந்துவிடும். ஜனவரிப் பனியில் இரண்டாவது ஊருக்குப் போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கூடப் படித்தவர்கள் ஒரே கூட்டமாகப் போய்ச் சேருவார்கள் என்பது பெரிய ஆறுதல். இருந்தாலும் வீட்டை விட்டு விடுதியில் ஒரு நாளும் தங்காத பிள்ளை என்றால் கோடையிலேயே சில வாரங்கள் எங்காவது தங்கவைத்துப் பழக்குங்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து ஒரு மாணவர்: அரசு உதவித்தொகை கிடைக்குமா?

இளநிலைப் படிப்புக்கு அந்த வழி குறுகியது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்குமே தரப்படுகிறது. பல்கலைக்கழகம் தானே தரும் கட்டணச் சலுகையைக் கேளுங்கள். அது வெளிநாட்டுப் பருவத்துக்கும் பொருந்துமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கரூரிலிருந்து ஒரு தந்தை: விசா கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் இங்கே பொறியியல் கலந்தாய்விலும் கலந்துகொள்கிறோம். தவறா?

தவறே இல்லை, கலந்துகொள்ளுங்கள். இங்குள்ள இடத்தை எடுத்துக்கொண்டால் மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் பட்டியலின் அசலையும் கல்லூரி கேட்கும். சரிபார்த்தபின் மதிப்பெண் பட்டியல் போன்ற அசல்களைக் கல்லூரிகள் தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. அதைச் சொல்லித் திரும்ப வாங்குங்கள். கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, சான்றொப்பமிட்ட நகல் சில படிகளும், பள்ளித் தலைமையாசிரியர் முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் நகல்கள் இரண்டும் வாங்கி வையுங்கள். பள்ளியில் ஆள் இருக்கும் நாட்களிலேயே அந்த வேலையை முடிப்பது நல்லது.