பந்தின் மேல் என்ன கோபம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பது வயதுக்கு மேல் கோல்ஃப் கற்றுக்கொள்கிறேன். பயிற்சியாளர் சொன்னபடி தளர்வாகச் சுழற்றினால் ஏழாம் எண் அயன் மட்டையில் பந்து அழகாகப் பறக்கிறது. ஆட்டத்தின்போது பின்னால் மூன்று பேர் நின்றாலே உடம்பு இறுகிவிடுகிறது. மூன்றாவது குழி வருவதற்குள் பழையபடி ஓங்கி அடிக்க ஆரம்பிக்கிறேன். பந்து வலப்பக்க மரங்களுக்குள் போய்விடுகிறது. தளர்வான ஸ்விங்கை நம்புவது எப்படி? நெடுந்தூரம் அடிக்கிற ‘டிரைவர்’ மட்டையைப் புதிதாக வாங்கினால் சரியாகுமா? இது பணக்காரர்களின் வெட்டி விளையாட்டு என்கிறார் என் மனைவி. உங்கள் கருத்து என்ன?

எஸ்., டாலஸ்

அன்புள்ள எஸ்.,

டிரைவர் வாங்க வேண்டாம். மனைவி சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த வழக்கை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரம் எர்னி எல்ஸின் பழைய ஆட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்னாப்பிரிக்க கோல்ஃப் வீரர், 6 அடி 3 அங்குல உயரம், ‘பிக் ஈஸி’ என்று பட்டப்பெயர். கிளப்பை, அதாவது மட்டையை, பின்னால் கொண்டுபோவதில் அவசரமே கிடையாது. உச்சியில் சற்று யோசிக்கிறாரோ என்றுகூடத் தோன்றும். பந்து எங்கோ போய் விழுகிறது.

கிளப்பும் பந்தும் தொட்டிருப்பது ஒரு நொடியில் ஏறக்குறைய 2,000-இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் பல்லைக் கடித்து எதையும் கூட்டிவிட முடியாது. வேகம் முன்பே உண்டாகியிருக்க வேண்டும். இடுப்பு முதலில் திரும்பி, தோள், கை, மணிக்கட்டு என்று வரிசையாக வந்து கிளப்பின் தலைக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரத் துண்டை உதறிப் பாருங்கள். கையை விறைத்துக்கொண்டால் ‘படார்’ வராது. முன்கை இறுகினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். உச்சியிலிருந்தே தோளால் அடிக்கப் பார்த்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும், அதன் முகம் திறந்திருக்கும், பந்து வலப்பக்கம் வளையும். உங்கள் மரங்களுக்கு வழி அதுதான்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஓங்குகிறீர்கள்? சிரமப்படாமல் கிடைத்ததைச் சொந்தம் கொண்டாட உங்களுக்குக் கூச்சம். நம் வீடுகளில் அப்படித்தான் வளர்த்தார்கள். அரை மணியில் வீட்டுப்பாடத்தை முடித்த பிள்ளையிடம் ‘அதற்குள்ளாகவா? திரும்ப எழுது’ என்றார்கள். நள்ளிரவு தாண்டியும் விளக்கெரிந்த வீட்டைத் தெருவே மெச்சியது. அந்தப் பையன் என்ன படித்தான் என்று யாரும் கேட்கவில்லை. அலுவலகத்தில் நேரத்துக்குக் கிளம்புகிறவன் சோம்பேறி. முக்கி முனகிச் செய்தால்தான் வேலை என்று பழகிய உடம்புக்கு, ‘டீ’ என்கிற சின்ன முளையின் மேல் பந்தை வைத்ததும் திடீரென்று நல்ல புத்தி வந்துவிடுமா? பின்னால் நிற்கும் மூன்று பேருக்கு உங்கள் உழைப்பைக் காட்டப் பார்க்கிறீர்கள். அவர்கள் பார்ப்பதே இல்லை ஐயா! அவரவர் ஸ்விங்கைப் பற்றிய கவலை அவரவருக்கு.

ஊட்டி வென்லாக் டவுன்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஒரு நண்பருடன் சும்மா நடந்திருக்கிறேன். ஓய்வுபெற்ற அதிகாரி, ஒவ்வோர் அடிக்கும் தொண்டையிலிருந்து ஓர் உறுமல் வரும். ஆட்டம் முடிந்து ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், ‘நீ ஒன்று அடி, பார்ப்போம்’ என்று மட்டைப் பையைச் சுமக்கும் ‘கேடி’யிடம் அயனை நீட்டினார். குரங்குக் குல்லாய் போட்ட வயதானவர். கம்பளிச் சட்டையின் கையை முழங்கை வரை ஏற்றிக்கொண்டார். கிளப்பைப் பிடித்த விரல்களைக் கவனித்தேன்: நகங்கள் வெளுக்கவே இல்லை. ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். நண்பரின் பந்துகள் விழுந்த இடத்தையெல்லாம் தாண்டிப் போயிற்று. ‘பழக்கம்தான், வேறென்ன’ என்றார் நண்பர். கேடி கிளப்பைத் துடைத்துப் பையில் செருகிக்கொண்டே என்னிடம் மெதுவாகக் கேட்டார்: ‘சாருக்குப் பந்தின் மேல் என்ன கோபம்?’

தளர்வு வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் அகஸ்டாவில் நடந்த 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் குழியிலேயே, ஏறக்குறைய மூன்றடி தூரத்தில் கிடந்த பந்தை உள்ளே தள்ள இதே எல்ஸுக்கு ஆறு தட்டு தேவைப்பட்டது. 2012 பிரிட்டிஷ் ஓப்பனில் ஆஸ்திரேலியர் ஆடம் ஸ்காட்டுக்கு, நான்கு குழிகள் மீதமிருக்கையில் நான்கு ஷாட் முன்னிலை (கோல்ஃபில் குறைவாக அடித்தவருக்கே வெற்றி). நான்கிலும் நிர்ணயித்த கணக்கைவிட ஒவ்வொரு ஷாட் கூடுதலாக எடுத்து, எல்ஸிடம் கோப்பையைப் பறிகொடுத்தார். அழகில் எல்ஸின் ஸ்விங்குக்கு இளைத்ததல்ல ஸ்காட்டின் ஸ்விங். மறு வருடம் ஏப்ரலில் அதே ஸ்விங்கோடுதான் அகஸ்டாவுக்குப் போனார், மாஸ்டர்ஸை வென்றார். நீங்களோ மூன்றாவது குழி வருவதற்குள்ளேயே ஸ்விங்கை மாற்றிவிடுகிறீர்கள்.