கேமராவைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்குங்கள்

கேள்வி: குடியாத்தத்தில் திருமணப் படம் எடுக்கிறேன். புதுக் கேமராவில் எடுக்கும் 4கே வீடியோ, 8 ஜிபி ராம் உள்ள என் பழைய லேப்டாப்பில் திக்கித் திக்கி ஓடுகிறது. கையில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். முதலில் கேமராவின் மெனுவைத் திறந்து, வீடியோ எந்த வடிவத்தில் பதிவாகிறது என்று பாருங்கள். ஹெச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10 பிட், 4:2:2 (இரண்டும் நிற விவரத்தின் அளவு) என்று இருந்தால், திக்கலுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இந்த வடிவத்தில் முழுப்படம் எப்போதாவது ஒன்றுதான் இருக்கும். இடையில் வருபவை எல்லாம், பக்கத்துப் படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். தாலி கட்டும் நொடியில் வெட்ட நினைத்து அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், அந்த ஒரு படத்தைக் காட்டக் கம்ப்யூட்டர் முன்பின் படங்களையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். இந்த வேலைக்கென்றே சிப்பில் தனிப் பகுதி இருந்தால் நொடியில் முடியும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் பிராசஸர் தலையில் விழும்.

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலும் வரும் என்விடியா கிராபிக்ஸ் கார்டுகளில், ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தையவற்றில் 4:2:2 வீடியோவைப் பிரிக்கும் வசதி கிடையாது. ஆனால், 12ஆம் தலைமுறை முதலான இன்டெல் கோர் பிராசஸர்களின் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், ஹெச்.265 4:2:2-ஐ எளிதாகப் பிரித்துவிடும். மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் அந்த உள் கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் பணம் மிச்சம் என்று அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள்; மறுத்துவிடுங்கள். உங்கள் கேமரா 8 பிட் 4:2:0 மட்டுமே பதிகிறது என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

மண்டபத்திலேயே உட்கார்ந்து அன்றைக்கே வெட்டித் தரும் வேலை இல்லையென்றால் டெஸ்க்டாப் வாங்குங்கள். நம் ஊர் வெயிலை மனதில் வைத்துச் சொல்கிறேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சென்ற சித்திரையில் காட்பாடி ஸ்டூடியோ ஒன்றிலிருந்து வந்த லேப்டாப்பைத் திறந்தேன். விசிறிக்கும் வெப்பம் வெளியேறும் தகடுகளுக்கும் நடுவே தூசி, தலையணைப் பஞ்சு போலத் திரண்டு அடைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவியதும் எக்ஸ்போர்ட் (வெட்டி முடித்த படத்தை வெளியெடுக்கும்) நேரம் ஏறக்குறைய பாதியானது. உங்கள் பழைய லேப்டாப்பையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ராம் 32 ஜிபி. இரண்டு 16 ஆகப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை செய்பவராக இருந்தால் மட்டும் அதைத் தள்ளிப்போடாதீர்கள்; அந்த மென்பொருள் கார்டை நம்பியே ஓடுகிறது.

சேமிப்பில்தான் பணம் தாராளமாகப் போக வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். வரவேற்பும் முகூர்த்தமும் சேர்த்து இரண்டு கேமராவிலுமாக மொத்தம் 10 மணி நேரம் என்றால் 450 ஜிபி, ஒரே கல்யாணத்துக்கு! நடப்பு வேலைக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வகை) வையுங்கள். முடிந்தவற்றுக்குச் சாதாரண ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே நகலைப் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். இதில் மட்டும் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். டிஸ்க் போனால் வேறொன்று வாங்கிவிடலாம், அந்த முகூர்த்தத்தை மறுபடி எடுக்க முடியாது.

மானிட்டர் ஐபிஎஸ் வகையாக (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத திரை), எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவுகோலின் நிறங்களை 99 அல்லது 100 சதவீதம் காட்டுவதாக இருக்கட்டும். மலிவான லேப்டாப் திரைகள் பல 60 சதவீதச் சொச்சம்தான் காட்டும். அதில் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு மங்கித் தெரிய, நீங்கள் நிறத்தை ஏற்றிவிடுவீர்கள். ஆல்பம் அச்சாகி வரும்போது மணப்பெண்ணின் முகமும் சேர்ந்து சிவந்திருக்கும்.

மின்சாரம் போய்வரும் தெருவென்றால் 1000 விஏ யுபிஎஸ் ஒன்றும் கணக்கில் சேருங்கள்.

கடைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். வேலூரில் வாங்கினாலும் சென்னைக்குப் போய் வாங்கினாலும், உங்கள் கேமராவின் கார்டையே கொண்டுபோய், நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் பத்து நிமிடக் காட்சியை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நடுவில் பத்து இடத்தில் வெட்டிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வாங்கும்வரை, எடிட்டிங் மென்பொருளில் ப்ராக்ஸி உருவாக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். மூல வீடியோவுக்குப் பதிலாக 720 அளவுச் சிறு நகலை வைத்து வெட்டுவீர்கள். எக்ஸ்போர்ட் ஆகும்போது மென்பொருள் மூலத்தையே எடுத்துக்கொள்ளும். இரவு ப்ராக்ஸி போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் அந்தப் பழைய லேப்டாப்பிலேயே வேலையைத் தொடங்கிவிடலாம்.