ஃபேஸ்புக்கில் எழுதிய டாக்டர் மகளுக்குக் கடிதம் வந்திருக்கிறது, லைசென்ஸ் போய்விடுமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அப்பா எழுதியிருக்கிறார். மகளுக்கு 29 வயது, பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் ஒப்பந்த டாக்டர். இரவு வேலை முடிந்து வந்த ஆத்திரத்தில், அவசரப் பிரிவு நடைபாதையில் நோயாளிகள் தள்ளுகட்டிலிலேயே விடிய விடியக் கிடப்பதைப் பற்றி ஃபேஸ்புக்கில் படத்தோடு எழுதிவிட்டார். பலரும் பகிர்ந்தார்கள். நான்காம் நாள் காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இப்போது தெரிந்தவர் ஒருவர், "மெடிக்கல் கவுன்சில்ல நமக்கு ஆள் இருக்கு, 15,000 வெள்ளி குடுங்க, முடிச்சுத் தரேன்" என்கிறாராம். லைசென்ஸ் போய்விடுமா, பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

ஐயா, பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கடிதத்தின் தலைப்பைப் பாருங்கள், அனுப்பியது யார்? மருத்துவமனையோ சுகாதார இலாகாவோ என்றால் அது உங்கள் மகளின் முதலாளி எழுதிய கடிதம். லைசென்ஸ் இருப்பது வேறு இடத்தில். 1971 மருத்துவச் சட்டப்படி அமைந்த மலேசிய மருத்துவ மன்றம்தான் (அந்த ஆள் சொல்லும் மெடிக்கல் கவுன்சில் இதுதான்) டாக்டர்களின் பெயரைப் பதிவேட்டில் வைத்திருக்கிறது, நீக்குவதானாலும் அந்த மன்றம்தான் நீக்க வேண்டும். மருத்துவமனை இயக்குநர் எவ்வளவு கோபப்பட்டாலும் அந்தப் பதிவேட்டில் கைவைக்க முடியாது. மன்றத்துக்குப் புகார் போக வேண்டும், பூர்வாங்க விசாரணை நடக்க வேண்டும், உங்கள் மகள் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகும் தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு இருக்கிறது. ஒரு ஃபேஸ்புக் பதிவுக்காக ராத்திரியோடு ராத்திரியாக லைசென்ஸ் பறிபோகாது.

இதனால்தான் அந்த ஆளின் பேச்சு பொய் என்கிறேன். மன்றத்தில் கோப்பே திறக்காதபோது அவர் எதை முடித்துத் தரப்போகிறார்? பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்கு இந்த மாதிரி ஏமாந்து வந்தவர்களைப் பல வருடமாகப் பார்க்கிறேன், கதை எப்போதும் ஒன்றுதான். பணத்தையும் கடிதத்தின் நகலையும் ஐசி நகலையும் வாங்கிக்கொண்டு சும்மா இருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து மருத்துவமனை வெறும் எச்சரிக்கையோடு விட்டுவிட்டால் "பார்த்தீங்களா, நான் பேசினேன்" என்பார்கள். விஷயம் பெரிதாகிவிட்டால் "நம்ம ஆளை மாத்திட்டாங்க" என்பார்கள். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தால் இன்னும் மோசம். 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் லஞ்சம் வாங்கினவருக்கும் கொடுத்தவருக்கும் 20 ஆண்டு வரை சிறை. ஒரு பதிவுக்காக வந்த கடிதத்தைக் கிரிமினல் வழக்காக்கிக்கொள்ளப் போகிறீர்களா?

அந்த ஆள் அனுப்பும் மன்னிப்புக் கடித மாதிரியையும் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தக் கடிதத்தை நான் படித்திருக்கிறேன். "மருத்துவமனையின் ரகசியத் தகவலை வெளியிட்டதற்கு வருந்துகிறேன்" என்று ஆரம்பிக்கும். எழுதியவருக்கு அது பணிவு, படிக்கும் வழக்கறிஞருக்கு அது ஒப்புதல் வாக்குமூலம். குற்றவியல் சட்டத்தின் 203ஏ பிரிவு, வேலையின் மூலம் கிடைத்த தகவலை வெளியில் சொன்னால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. யாரும் கேட்காத குற்றத்தை உங்கள் மகள் ஏன் தானாக எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்? நடைபாதையில் கட்டில் கிடப்பதை அங்கே வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள், அதில் என்ன ரகசியம்?

சரி, உண்மையான சிக்கல் எங்கே? அரசாங்க ஊழியர்களுக்கு 1993ஆம் ஆண்டு நடத்தை, கட்டொழுங்கு விதிகள் இருக்கின்றன. அதில் 19ஆவது விதி, அரசாங்கக் கொள்கையையோ திட்டத்தையோ பொதுவில் குறைசொல்லக் கூடாது என்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு பேச்சுரிமை தருகிறதே என்று எல்லாரும் கேட்பார்கள். தருகிறதுதான், ஆனால் சம்பளம் வாங்கும் கையெழுத்தோடு இந்த விதியும் ஒட்டிக்கொண்டு வருகிறது. தனியார் கிளினிக் டாக்டருக்கு இந்த விதி இல்லை, அதை இங்கே விட்டுவிடுகிறேன். விதிப்படி முறையான குற்றச்சாட்டுக் கடிதம் வந்தால் பதில் எழுத 21 நாள் உண்டு. சாதாரணமாகக் காரணம் கேட்கும் கடிதத்தில் அதைவிடக் குறைவாகவும் போட்டிருப்பார்கள், அதனால் கடிதத்திலுள்ள தேதியை இன்றே காலண்டரில் வட்டமிடுங்கள்.

மன்றம் வரை போகக்கூடிய ஒரே விஷயமாக நான் பயப்படுவது படம்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு தம்பி இதே மாதிரி பதிவோடு வந்தார். "யார் முகமும் இல்ல சார்" என்றார். போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினேன். கட்டில்களுக்குப் பின்னால் சுவரில் வெள்ளைப் பலகை, அதில் மார்க்கர் பேனாவில் கட்டில் எண், நோயாளி பெயர், எதிரில் நோய். அவர் முகம் வெளுத்துவிட்டது. நோயாளியின் ரகசியம் காப்பது டாக்டரின் கடமை, அதை மீறினால் கூட்டத்தைப் பற்றிய கருத்து எவ்வளவு நியாயமாக இருந்தாலும் காப்பாற்றாது. உங்கள் மகளின் படத்தையும் அப்படிப் பெரிதாக்கிப் பாருங்கள், கைப்பட்டை, கோப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர், பலகை, எல்லாவற்றையும். ஏதாவது தெரிந்தால் பதிவையும் கருத்துகளையும் முழுதாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு உடனே படத்தை இறக்கச் சொல்லுங்கள். இறக்கியதை மறைக்காமல் பதிலில் எழுதட்டும்.

"தப்பைச் சொன்னவருக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கே" என்று அடுத்து யாராவது சொல்வார்கள். இதில் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2010ஆம் ஆண்டின் தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம் உண்மையிலேயே நல்ல சட்டம், பெயரை ரகசியமாக வைக்கும், பழிவாங்கலிலிருந்து காக்கும். ஆனால் தகவலை அமலாக்க அமைப்பிடம், அதாவது போலீஸ், ஊழல் தடுப்பு ஆணையம் போன்ற இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஃபேஸ்புக் அமலாக்க அமைப்பு இல்லை. பத்திரிகையும் இல்லை, நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவும் இல்லை. தீபாவளி விருந்தில் ஒய்பியின் (மக்கள் பிரதிநிதியின்) காதில் சொன்னதும் கணக்கில் வராது. வங்கிக் கணக்கு விவரங்களை வெளியிட்ட ரஃபிஸி ரம்லிக்கு 2018இல் 30 மாதச் சிறை விதித்தார்கள், 2019இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. பெரிய அரசியல்வாதிக்கே அவ்வளவு அலைச்சல். மருந்து கொள்முதலில் ஊழல் என்றால் முதலில் ஆணையத்திடம் போக வேண்டும், கட்டில் பற்றாக்குறை என்றால் அந்தச் சட்டத்துக்குள் நுழைப்பதே கஷ்டம்.

உங்கள் மகளுக்கு உண்மையான ஆபத்து ஒப்பந்தம்தான் ஐயா, மறைக்க மாட்டேன். புதுப்பிக்காமல் விடுவதற்கு யாரும் ஃபேஸ்புக்கைக் காரணமாக எழுத மாட்டார்கள். 2016 டிசம்பரில் நிரந்தர வேலைக்குப் பதிலாக ஒப்பந்த முறையைக் கொண்டுவந்தார்கள், 2021 ஜூலை 26 அன்று அதை எதிர்த்து இளம் டாக்டர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார்கள், இன்னும் ஒரு பிள்ளை நடைபாதைக் கட்டிலைப் பற்றி எழுதினால் கட்டிலைப் பார்க்காமல் பிள்ளையைத் தேடுகிறார்கள். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

பதில் சுருக்கமாக, உண்மையாக, ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பார்த்தது என்ன, ஏன் எழுதினார், நோயாளி விவரம் வெளியானதா இல்லையா, அவ்வளவு போதும். சக டாக்டர்கள் பெயர் வேண்டாம். அனுப்புமுன் மலேசிய மருத்துவச் சங்கத்தின் ஸ்கோமோஸ் பிரிவிடம் காட்டச் சொல்லுங்கள், அரசாங்க டாக்டர்களுக்காகவே இருப்பது அது. தொழில் காப்புறுதி எடுத்திருந்தால் அந்த நிறுவனத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், சட்ட ஆலோசனை அதிலேயே அடங்கியிருக்கலாம். அப்புறம், இந்தக் கவலையில் வருடாந்திரத் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க மறந்துவிடப் போகிறார். அதற்குத் தொடர் மருத்துவக் கல்வியில் 20 புள்ளிகள் வேண்டும், காப்புறுதியும் வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஒரு நோயாளியையும் பார்க்கக் கூடாது.

அந்த ஆள் மறுபடி போன் பண்ணினால், மன்றத்திலிருந்து வந்த கோப்பு எண்ணைக் கேளுங்கள்.