3 ஆண்டு கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

கேள்வி: என் கணவர் 2020-இல் 20 லட்ச ரூபாய்க்கு ஆயுள் காப்பீடு எடுத்தார். பிரீமியம் கட்டாமல் காலாவதியான பாலிசியை 2023 ஆகஸ்டில் புதுப்பித்தார். 2025 மார்ச்சில் மாரடைப்பில் இறந்துவிட்டார். சர்க்கரை நோயை மறைத்ததாகச் சொல்லி ஜூலையில் கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். 3 ஆண்டு கடந்த பாலிசியைக் கேள்வி கேட்க முடியாதாமே?
- வாசகி, தேனி

பதில்: காப்பீட்டுச் சட்டம் 45-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அது. ஆனால் பாலிசி வழங்கிய நாள், ரிஸ்க் (காப்பீட்டுப் பாதுகாப்பு) தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் இவற்றில் எது கடைசியோ, அதிலிருந்துதான் 3 ஆண்டை எண்ண வேண்டும். உங்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து கணக்கு; அதனால் 3 ஆண்டு முடியவில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான்.

அதற்காக மனம் தளராதீர்கள். மறைத்தார் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். புதுப்பிக்கும்போது அவர் கையெழுத்திட்ட உடல்நலப் படிவத்தின் நகலையும், அவர்கள் காட்டும் மருத்துவ ஆவணங்களையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். பல நேரம் ஆதாரம் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சர்க்கரை நோய், 5 ஆண்டுகளாக' என்றிருக்கும் ஒற்றை வரிதான். பதறி நின்ற உறவினர் சொன்னதை டியூட்டி டாக்டர் அப்படியே எழுதியிருப்பார். புதுப்பித்ததற்கு முந்தைய தேதியில் மருந்துச்சீட்டோ ரத்தப் பரிசோதனை முடிவோ அவர்களிடம் இல்லையென்றால் உங்கள் பக்கம் வலு அதிகம். இருந்தால் கஷ்டம்தான்.

மோசடி என்று சொல்லாமல் தகவல் மறைப்பு என்று மட்டும் சொல்லியிருந்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதை வாங்கும்போது 'முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்' என்ற ரசீதில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனை (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவர்) ஓராண்டுக்குள் அணுகுங்கள். 50 லட்ச ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் உங்கள் மனுவை ஏற்கமாட்டார். அதனால் முதலில் ஆம்புட்ஸ்மேன்.

கேள்வி: பைக்கிலிருந்து விழுந்து அப்பா இறந்தார். அடிப்படைத் தொகை வந்தது. மாரடைப்பு என்று சொல்லி விபத்து ரைடர் (விபத்து மரணத்துக்கான கூடுதல் காப்பீடு) பணத்தை மறுக்கிறார்கள்.
- வாசகர், கரூர்

பதில்: பைக் ஓட்டும்போது மாரடைப்பு வந்து விழுந்து இறந்தால் விபத்துப் பலன் கிடையாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. காயத்தால்தான் மரணம் என்று காட்டியாக வேண்டும். நீங்கள் கொடுத்த பிரேதப் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 'ரசாயனப் பரிசோதனை முடிவுக்குப் பின் இறுதிக் கருத்து' என்று இருந்தால் அது அரைகுறை அறிக்கை. மருத்துவரின் இறுதிக் கருத்தை வாங்குங்கள். அதில் தலைக்காயமே காரணம் என்றிருந்தால், போலீஸ் இறுதி அறிக்கையையும் சேர்த்து மறுபரிசீலனை கேளுங்கள்.